இரண்டு ஐ, நடுவில் ஒரு கோடு

வெர்லீன் டாக்கெட் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் ஏறியவர்கள் யாரும் அவளை மறந்ததில்லை. மறந்துவிட்டேன் என்று எவனாவது சொன்னால் அவன் புளுகுகிறான். இருபத்தேழு வருஷம் ஓல்ட் ஜின் ரோட்டுப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவள் அவள். அவள் வண்டியில் ஒரே சட்டம்தான். யார் வேண்டுமானாலும் ஏறலாம், ஏறினவன் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். எவனாவது வம்பு பண்ணினால் வண்டி ஓரமாக நின்றுவிடும். அவன் மன்னிப்புக் கேட்கும்வரை இஞ்சின் உறுமாது. மணி அடித்துவிட்டதே, பரீட்சைக்கு நேரமாகிவிட்டதே என்று யார் கெஞ்சினாலும் கண்ணாடியில் அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கறுப்பர்கள் கூடும் நியூ எம்மாவுஸ் பாப்டிஸ்ட் சபைக்கு எல்லாமே அவள்தான் என்று ஆகிவிட்டது. சபையின் எழுத்தர் அவள். ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிப்பவள் அவள். பதினைந்து பேர் உட்காரும் சபை வேனை ஓட்டுபவளும் அவள்தான். வாசலில், நெடுஞ்சாலையைப் பார்த்து நிற்கிற அறிவிப்புப் பலகையில் வாராவாரம் எழுத்து மாட்டுகிறவளும் அவளே.

அந்தப் பலகை வேலை லேசுப்பட்டதில்லை. எழுத்தெல்லாம் தனித்தனி பிளாஸ்டிக் தகடு, ஒரு பழைய மீன்பிடிப் பெட்டியில் கிடக்கும். பலகைக்கு இரண்டு முகம், ஒன்று டவுனைப் பார்த்து, இன்னொன்று ஓல்ட் ஜின் ரோட்டைப் பார்த்து. அதனால் எதை எழுதினாலும் இரண்டு தடவை எழுத வேண்டும். எழுத்து எப்போதும் பற்றாது. எம் இல்லையென்றால் டபிள்யூவைத் தலைகீழாக மாட்டுவார்கள். ஈ தீர்ந்துவிட்டால் மூன்றாம் எண்ணைத் திருப்பி மாட்டுவார்கள். இந்தக் கவுண்டியில் எந்தச் சபை வாசலிலும் இதே கூத்துதான்.

முன்பெல்லாம் அவள் ஏணியில் நிற்க, கீழிருந்து அவள் புருஷன் யூலிஸ் எழுத்தை எடுத்துக் கொடுப்பான். அவன் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தவன், அதிகம் பேசமாட்டான், ஆனால் எழுத்துப்பிழை என்றால் அவனுக்குத் தாங்காது. "அது தப்பு வெர்லி, இறக்கு" என்பான். ஏணியில் நின்றபடியே அவள் அவனைத் திட்டுவாள், பிறகு இறக்குவாள். ஏப்ரலில் யூலிஸ் போய்ச் சேர்ந்தான். நாற்பத்துநாலு வருஷம் கூட இருந்தவன், ஒரு சனிக்கிழமை காலையில் காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே போய்விட்டான்.

அக்டோபர் கடைசியில் அவன் பிறந்தநாள் வந்தது. அவன் இல்லாமல் வருகிற முதல் பிறந்தநாள். வெர்லீன் தனியாக ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், அவனுக்குப் பிடித்த பைபிள் சங்கீதத்தின் முதல் வரியை மாட்டினாள். கர்த்தர் என் மேய்ப்பர். ஓல்ட் ஜின் பக்கம் முடித்துவிட்டு டவுன் பக்கம் வந்தால் எச் எழுத்து ஒன்று குறைகிறது. இரண்டு முகத்துக்குமாக ஆறு வேண்டும், பெட்டியில் இருந்தது ஐந்து. மேய்ப்பர் என்பதற்கு அவர்கள் மொழியில் ஷெப்பர்ட் என்று வரும், அதில் நடுவே வருகிற எச்சை யாரும் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. சத்தம் மாறாதே என்று நினைத்து எச் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு பியை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். கீழே நின்று தப்பு என்று சொல்ல ஆள் இல்லை.

அங்கேதான் வினை வந்தது.

அந்த வருஷம், மாவட்டத்தை நிர்வகிக்கிற கவுண்டிக் குழுவின் தலைவர் பதவிக்கு நின்றவர்களில் ஒருவன் பெயர் டேல் ஷெப்பர்ட். நடுவில் எச் கிடையாது, இரண்டு பி. வெர்லீன் மாட்டியது எழுத்துக்கு எழுத்து அவன் பெயர். டவுனிலிருந்து வருகிறவன் பார்வைக்குச் சபையின் பலகை இப்படிச் சொல்வதுபோல் நின்றது: ஆண்டவரே எங்கள் டேல் ஷெப்பர்ட்.

ஷெப்பர்ட் யார் என்று ஓல்ட் ஜின் ரோட்டில் கேட்டால் கெட்ட வார்த்தை இல்லாமல் பதில் வராது. போன வருஷம் குழுவில் உட்கார்ந்துகொண்டு, அந்த ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் நடந்த வாக்குச்சாவடியை மூட வேண்டும் என்று கை தூக்கியவன் அவன். அதற்குப் பிறகு ஓட்டுப் போட வேண்டுமென்றால் பதினான்கு மைல் டவுனுக்குப் போக வேண்டும். பஸ் கிடையாது. அந்த ரோட்டில் பாதி வீட்டில் கார் கிடையாது, கார் இருக்கிற வீட்டில் கண் தெரியாது. தேர்தலுக்கு முன் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்கூட்டியே ஓட்டுப் போட விட்டிருந்தார்கள். அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் சபை வேன் ஓடும். அந்த வேன் ஓடவில்லை என்றால் ஓல்ட் ஜின் ரோட்டின் ஓட்டு அத்தோடு போச்சு.

செவ்வாய்க்கிழமை ஷெப்பர்டின் ஆட்கள் பலகையைப் படம் பிடித்துப் போனுக்குப் போன் அனுப்பிவிட்டார்கள். நியூ எம்மாவுஸ்கூட நம் பக்கம்தான் என்று கீழே ஒரு வரி வேறு. மளிகைக் கடையில் கல்லாவில் இருந்த பெண்ணே கேலி பண்ணினாள், சிஸ்டர் கட்சி மாறிட்டீங்களாமே என்று. வெர்லீனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. செத்த புருஷனுக்கு மாட்டிய வசனம் போயும் போயும் அவனுக்கா விளம்பரமாக வேண்டும்? சாமானை அப்படியே கல்லாவில் விட்டுவிட்டு, எழுத்தைத் திருத்தப் பலகைக்கு ஓடினாள். அதற்குள் பாஸ்டர் மேப்ரி அவளைத் தேடிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார், கையில் ஒரு கடிதத்தோடு. எதையும் தொட வேண்டாம், வியாழக்கிழமை சபைப் பெரியவர்களான டீக்கன்களோடு பேசிவிட்டுத்தான் எதுவும் என்றார்.

மேப்ரி அட்லாண்டாவிலிருந்து வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. நல்ல மனுஷன், படித்தவர், ஆனால் தபாலில் முத்திரை போட்ட உறை வந்தால் முகம் வெளுத்துவிடும். கடிதம் ஒரு வக்கீல் ஆபீசிலிருந்து வந்தது. அக்கறையுள்ள குடிமக்கள் சிலர் சார்பாக எழுதுவதாகச் சொன்னது, எந்தக் குடிமக்கள் என்று சொல்லவில்லை. வரி விலக்கு பெற்ற சபை எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவும் கூடாது, எதிர்க்கவும் கூடாது, மீறினால் விலக்கு பறிபோகும் என்று மிரட்டியது. பாஸ்டரின் பயத்திலும் நியாயம் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் சபையின் கீழ்த்தளத்தில் யார் வந்தாலும் சாப்பாடு போடுகிறார்கள், விலக்கு போனால் கொடுக்கிறவர்கள் கையை மடக்கிக்கொள்வார்கள், அடுப்பு அணைந்துவிடும்.

வியாழன் மத்தியானம் கூட்டம். டீக்கன் ஹோரஸ்தான் முதலில் பேசினார். பலகையைத் துடைத்துக் காலியாக விட்டுவிடுவோம், வேனையும் தேர்தல் முடிகிறவரை ஷெட்டில் போட்டுவிடுவோம், எதற்கு வம்பு என்றார். மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். வேன் சாவி தன்னிடமே இருக்கட்டும் என்று பாஸ்டர் அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெர்லீன் கடிதத்தைக் கேட்டு வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, விரல் வைத்து எண்ணினாள். அவளுக்கு முழுசாகப் படிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"பாஸ்டர், இதுல பலகையைப் பத்தி எத்தனை வரி இருக்கு தெரியுமா? ஒண்ணு. வேனைப் பத்தி மூணு பாரா. பலகைதான் அவங்களுக்கு வலின்னா ஏன் வேனைப் பத்தி இவ்வளவு எழுதணும்?"

டீக்கன்கள் கடிதத்தை எட்டிப் பார்த்தார்கள்.

"பலகை தப்பு என்னுது. ஒரு எழுத்துத் தப்பு. அதைத் திருத்துறேன். ஆனா என் புருஷன் வசனத்தை இறக்க மாட்டேன். வேனை நிறுத்துறதுக்குத்தான் இந்தக் கடுதாசி. நிறுத்திட்டீங்கன்னா அவங்களுக்கு வேண்டியதை நீங்களே செஞ்சு கொடுத்த மாதிரி."

"சிஸ்டர், சட்டம் தெரியாம ஒண்ணும் பண்ண முடியாது. கொஞ்சம் பொறுமையா இருங்க."

"சட்டம் தெரியாதுன்னா தெரிஞ்சுக்குவோம். பயந்துக்கிட்டு எதுக்கு உக்காரணும்?"

ஹோரஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, மரியாதையோடு பேசணும் சிஸ்டர் என்று ஆரம்பித்தார். ஹோரசுக்கு இப்போது ஐம்பது வயது, டை கட்டிய டீக்கன். ஆனால் மூன்றாம் வகுப்பில் வெர்லீன் பேருந்தின் நாலாவது சீட்டில் தினமும் வாந்தியெடுத்த அதே ஹோரஸ்தான். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள், கண்ணாடியில் பார்ப்பாளே, அதே பார்வை. அவர் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவள் டவுன் நூலகத்துக்குப் போய், சபைகளுக்கென்று வரித்துறையே போட்டிருக்கிற வழிகாட்டியை அச்செடுத்துத் தரச் சொன்னாள். நூலகத்துப் பெண்ணுக்கு இவளைத் தெரியும், பழைய பேருந்துப் பிள்ளைதான். ஒரு மணி நேரம் மேஜையில் உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டுப் படித்தாள். எழுந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷமும் அவளும் யூலிசும் எப்படி வேன் ஓட்டினார்களோ அப்படியே எழுதி வைத்திருக்கிறான் அரசாங்கத்தான்.

அங்கிருந்து நேராகப் பலகைக்குப் போனாள். பெட்டியைக் கிளறினால் இன்னும் எச் ஐந்துதான். ஏணியில் உட்கார்ந்து யோசித்தாள். யோசித்தபோதுதான் ஒரு ஈஸ்டரில் யூலிஸ் பண்ணியது ஞாபகம் வந்தது. அன்றைக்கும் எச் பற்றவில்லை, அவள் வேறு வசனம் போடலாம் என்றாள், அவன் ஒன்றும் சொல்லாமல் ஐ எழுத்து இரண்டை எடுத்து, நடுவில் ஒரு கோட்டுத் தகட்டை வைத்துக் கொடுத்தான். அதை எப்படி மறந்தேன் என்று அவளுக்கு அழுகையே வந்தது. பெட்டியிலிருந்து இரண்டு ஐ எடுத்தாள், ஒரு கோடு எடுத்தாள், பியைப் பிடுங்கிப் பெட்டியில் எறிந்தாள். இறங்கி நெடுஞ்சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாள். எச்தான்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. வேன் ஓடாதாம் என்ற பேச்சு அதற்குள் பரவிவிட்டது. ஓல்ட் ஜின் ரோட்டுக்காரர்கள் பின் வரிசைகளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அறிவிப்பு நேரம் வந்தது. வெர்லீன் மேடையோரம் இருக்கிற சின்ன மேஜைக்குப் போனாள். நோயாளிகள் பெயரை வாசித்தாள், புதன்கிழமை பாட்டுப் பயிற்சியை வாசித்தாள், சாப்பாட்டுக்கூடத்துக்குக் கத்தி, கரண்டி வேண்டும் என்று வாசித்தாள். பிறகு பைபிளுக்குள்ளிருந்து மடித்த காகிதத்தை எடுத்து விரித்தாள்.

அடுத்தது வரித்துறையிடமிருந்து ஒரு அறிவிப்பு என்றாள். யாரோ பின்னால் சிரித்தார்கள்.

"இந்தச் சபை எந்த வேட்பாளருக்கும் ஓட்டுப் போடுங்கன்னு சொல்லக்கூடாது."

வழக்கத்தில் யாரோ ஆமென் என்றார்கள். எதை வாசித்தாலும் ஆமென் சொல்லிப் பழகின வாய்.

"எந்த வேட்பாளருக்கும் போடாதீங்கன்னும் சொல்லக்கூடாது."

இந்த ஆமென் கொஞ்சம் மெதுவாக வந்தது. அந்த ரோட்டுக்காரர்களுக்கு இது கசப்பு.

ஒரு வேட்பாளரைப் பிரசங்க மேடையில் ஏற்றினால் மற்றவரையும் அதேபோல் கூப்பிட வேண்டும், சபைப் பணத்தை யார் பிரச்சாரத்துக்கும் தரக்கூடாது, சபை வாசலில் ஒருவனுடைய துண்டுச்சீட்டை மட்டும் கொடுக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆமென் விழுந்தது. வாசித்துக்கொண்டே காகிதத்தைத் திருப்பினாள். இனி என்னவெல்லாம் செய்யலாம் என்றாள்.

"ஊர்ல இருக்கிற பிரச்சினையைப் பத்திப் பேசலாம். பேர் எழுதாதவங்க பேரைப் பதிய வைக்கலாம். ஓட்டுப் போடப் போங்கன்னு சொல்லலாம். யாருக்குப் போடுவீங்கன்னு கேக்காம, வர்றவங்க யாரா இருந்தாலும் வண்டியில ஏத்திட்டுப் போகலாம்."

இந்தத் தடவை ஆமென் கூரையைத் தொட்டுத் திரும்பி வந்தது. ஆர்கன் வாசிப்பவர் அடக்க முடியாமல் ஒரு கட்டையை அழுத்திவிட்டார். வருமான வரிச் சட்டத்துக்கு இப்படி ஒரு ஸ்தோத்திரம் எந்தச் சபையிலும் கிடைத்திருக்காது.

வெர்லீன் காகிதத்தை மடித்தாள். வேன் ஒரு மணிக்குக் கிளம்பும், வண்டிக்குள் எந்த வேட்பாளர் பெயரும் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது, வந்தால் வண்டி நிற்கும் என்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே, சாவி பாஸ்டரிடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

சபை மொத்தமும் பாஸ்டரைப் பார்த்தது. மேப்ரி நாற்காலியிலிருந்து எழுந்தார். மனுஷனுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. மேஜைவரை நடந்து வந்து சாவியை அவள் காகிதத்தின் மேல் வைத்தார்.

"இதைப் படிச்சிருக்க வேண்டியவன் நான், சிஸ்டர். நீங்க படிச்சிருக்கீங்க" என்றார்.

ஒரு மணிக்குப் பதிமூன்று பேர் ஏறிவிட்டார்கள். கடைசியாகச் சபை ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. பேசியது வால்டர் டட்டில். ஓல்ட் ஜின் ரோடு தொடங்குகிற முனையில் இருக்கிற வெள்ளைக்காரர், எண்பது வயது, வண்டி பழுதாகிக் கிடக்கிறது. வேன் யாரை வேண்டுமானாலும் ஏற்றும் என்று பேரன் சொன்னானாம், உண்மைதானா என்று கேட்டார். அவர் வீட்டு வாசல் புல்வெளியில் ஷெப்பர்ட் படம் போட்ட தட்டி மூன்று நிற்கிறது, அந்த ரோட்டில் எல்லாருக்கும் தெரியும்.

வேனுக்குள் சலசலப்பு எழுந்தது. அவனையுமா, நம் வண்டியிலா என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். வெர்லீன் கண்ணாடியில் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"வர்றவங்க யாரா இருந்தாலும்னு வாசிச்சேன். ஆமென் சொன்னீங்க. இப்ப என்ன?"

டட்டில் வாசலிலேயே காத்திருந்தார், கையில் ஒரு பை அவித்த வேர்க்கடலை, தலையில் ஷெப்பர்ட் பெயர் பெரிதாக அச்சடித்த சிவப்புத் தொப்பி. காலியாக இருந்தது முன் சீட் ஒன்றுதான். யூலிஸ் உட்காருகிற சீட். வெர்லீன் ஒரு கணம் அதைப் பார்த்தாள், பிறகு கதவைத் திறந்துவிட்டாள்.

"தொப்பியைக் கழட்டிருங்க, மிஸ்டர் டட்டில். என் வண்டியில தொப்பியும் பேசக்கூடாது."

அவர் கழற்றி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். அவர் பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் இவள் பேருந்தில் போனவர்கள், சட்டம் அவருக்கும் தெரியும். கொஞ்ச தூரம் போனதும் வேர்க்கடலைப் பையைப் பின்னால் நீட்டினார். முதலில் யாரும் எடுக்கவில்லை. பிறகு ஒரு கை வந்தது, பிறகு பை திரும்பி வரவே இல்லை. மனுஷனுக்கு அதில் தைரியம் வந்துவிட்டது.

"மிஸ் வெர்லீன், சத்தியமா சொல்றேன், போன் பண்ணவே யோசனையா இருந்துச்சு. உங்க சபைப் பலகையைப் பேரன் போன்ல காட்டின பிறகுதான், அட, இவங்களும் நம்ம ஆளுக்குத்தான்னு..."

வேன் ரோட்டோரம் நின்றது. இஞ்சினும் நின்றது. பின்னால் கடலை உரிக்கும் சத்தம்கூட நின்றுபோயிற்று.

"அது என் வீட்டுக்காரருக்கு மாட்டினது. அன்னிக்கு அவர் பிறந்தநாள். எச் பத்தலை."

டட்டில் அவளைப் பார்த்தார், பிறகு தான் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தார். யூலிஸ் அறுத்துக் கொடுத்த பலகையில்தான் அவர் வீட்டுத் தாழ்வாரம் நிற்கிறது.

"மன்னிச்சிருங்க, மிஸ் வெர்லீன்."

அவள் சாவியைத் திருப்பினாள்.

தேர்தல் ஆபீஸ் வாசலில், அவள் நினைத்தபடியே, ஒரு ஆள் காரில் சாய்ந்துகொண்டு போனோடு காத்திருந்தான். வேன் திரும்பியதும் போனை உயர்த்திப் பிடித்தான். யாருக்காக இந்த வண்டி ஓடுகிறது என்று காட்ட அவனுக்கு ஒரு படம் வேண்டும். கதவு திறந்தது. முதலில் இறங்கியவர் டட்டில். தரையில் கால் வைத்ததும், வெயிலுக்கோ வழக்கத்துக்கோ, அந்தச் சிவப்புத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு திரும்பி நின்று, பின்னால் இறங்கிய ஓல்ட் ஜின் ரோட்டுப் பாட்டி ஒருத்திக்குக் கை கொடுத்தார்.

அந்த ஆளின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

வெர்லீன் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"ஏன் தம்பி நிறுத்திட்ட? எடு. எல்லாரையும் எடு. நல்லா தெளிவா எடுத்து உங்க வக்கீலுக்கு அனுப்பு."

அவன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். அந்த வக்கீலிடமிருந்து அதற்கப்புறம் கடிதம் வரவில்லை. யார் ஜெயித்தார்கள் என்பது கவுண்டி ஆவணத்தில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வெர்லீனிடம் கேட்டுப் புண்ணியமில்லை. வேன் சாவி கையில் இருக்கிறவரை எந்த வேட்பாளர் பெயரும் அவள் வாயிலிருந்து வராது.

பதிமூன்று பேரும் டட்டிலும் ஓட்டுப் போட்டு வந்ததும் அவர்களை வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த நடைக்கு ஆள் ஏற்ற வேண்டும். ஓல்ட் ஜின் ரோட்டில் இன்னும் பதினோரு பேர் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தார்கள். டவுனிலிருந்து திரும்பும் வழியில் சபைப் பலகை வந்தது. கர்த்தர் என் மேய்ப்பர். இரண்டு ஐ, நடுவில் ஒரு கோடு, காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"இப்ப சரியா இருக்கா?" என்றாள் வெர்லீன்.

என்னையா கேட்கிறீர்கள் என்பதுபோல் டட்டில் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைக் கேட்கவில்லை.